அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு... ஆஃப் பண்றது யாரு?

மூணு மாசம் தாண்டியும் போகாத வலிக்கு எலெக்ட்ரானிக்ஸ், கண்ணாடி, வி.ஆர். ஹெட்செட்னு புதுசு புதுசா என்னென்னவோ வந்தாச்சு. அதெல்லாம் எப்படி வேலை செய்யுது? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நமக்கு எது கிடைக்கும்? ஒரு ரவுண்டு!

காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்கிற மக்களே, ஒரு கேள்வி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஹைவேயில் போகும்போது, சைரன் போட்டுக்கொண்டு போகிற 108 ஆம்புலன்ஸ் எத்தனை பார்த்திருப்பீங்க? கணக்கே இல்லைதானே!

இதே ஜி.எஸ்.டி. ரோட்டில், திண்டிவனம் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால் வருவது மேல்மருவத்தூர். 2021 டிசம்பர் 18-ம் தேதி 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது அங்கேதான். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. உயிர் போகாமல் பிடித்து நிறுத்துகிற வேலை. ஓ.கே... சூப்பர்!

ஆனா, 48 மணி நேரம் முடிஞ்சு, 48 நாளும் முடிஞ்சு, ஏன், ஆறு மாசமே ஆன பிறகும் வலிக்குதுன்னா?

கட்டுப் பிரிச்சாச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தாச்சு. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு வலியில் தூக்கம் கலைகிறது. வீட்டில் முதல் மாசம் பரிதாபப்படுவார்கள். மூணாவது மாசம் சலித்துக்கொள்வார்கள். ஆறாவது மாசம், 'வேலைக்குப் போக சோம்பேறித்தனம், நடிக்கிறான்' என்று பேச்சு வந்துவிடும். வலியை விட அந்தப் பேச்சுதான் ஜாஸ்தி வலிக்கும்!

விபத்து மட்டும்தான் காரணம் என்றில்லை. குனிந்தபடியே நாற்று நடும் அம்மாக்களின் இடுப்பு, கரும்பு வெட்டும் அண்ணன்களின் தோள், மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் நிற்பவர்களின் கால், சர்க்கரை நோயால் பாதம் எரிகிற தாத்தாக்கள்... ஏன், லேப்டாப்பே கதி என்று கிடக்கும் நம்ம கழுத்தையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கலாம்.

அலாரம் ஆஃப் ஆகலை!

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் டாக்டர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பில், இதற்கென்றே தனிக் கோடு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, வலி என்பது இன்னொரு நோயின் அறிகுறி மட்டுமல்ல, சில சமயம் அதுவே ஒரு நோய்!

எப்படி? வீட்டில் தீ பிடிச்சா அலாரம் அடிக்கும். தீயை அணைச்ச பிறகும் அது நிற்காமல் அடிச்சா? கோளாறு அலாரத்தில்தானே! 1983-ல் க்ளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் இதைத்தான் கண்டுபிடித்தார். அடிபட்ட பிறகு, தண்டுவடத்தில் இருக்கிற நரம்பு செல்கள் உஷாராகிவிடுகின்றன. சின்ன சிக்னல் வந்தாலும் பெரிசாக்கி மூளைக்கு அனுப்புகின்றன. இ.சி.இ. மக்களுக்குச் சொல்லணும்னா, ஆம்ப்ளிஃபயரில் கெயின் ஏறிப்போச்சு, இறங்க மாட்டேங்குது! இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு லேசாகத் தொட்டாலே கூட வலிக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. கெயினை எக்ஸ்ரே எடுக்க முடியாதே!

நாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை, காயம்பட்ட இடத்தில் இருக்கும் வீக்கத்தைக் குறைப்பவை. ஆம்ப்ளிஃபயர் கோளாறுக்கு அவை அவ்வளவாக எடுபடாது. மாசக்கணக்கில் முழுங்கினால் வயிறும் கிட்னியும் பழுதாவதுதான் மிச்சம்.

அப்போ, சிக்னலிலேயே கை வைச்சா என்ன? புது டெக்னாலஜி எல்லாம் பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

முதுகெலும்புக்குள்ள ஒரு கேட்!

கதவில் முழங்கையை இடிச்சுக்கிட்டா உடனே என்ன பண்ணுவோம்? 'ஸ்ஸ்...' என்று அந்த இடத்தைத் தேய்ப்போம். கொஞ்சம் குறையும். ஏன்?

1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். 'கேட் கன்ட்ரோல் தியரி' என்று பெயர். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு எக்ஸ்பிரஸ் ட்ரெயின் மாதிரி, வினாடிக்கு 30 முதல் 70 மீட்டர் வேகம். நெடுநேர வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்போ பாத யாத்திரை மாதிரி, வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான். ரெண்டும் தண்டுவடத்தில் ஒரு 'கேட்'டைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும். தேய்க்கும்போது தொடு சிக்னல்கள் கூட்டமாக வந்து கேட்டை மூடிவிடும், வலி சிக்னல் வெளியே நிற்கும். இந்தத் தியரியில் பின்னால் நிறையத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அடிப்படை ஐடியா இன்னும் நிற்கிறது.

இந்த ஐடியாவில் உருவானதுதான் 'டென்ஸ்' மெஷின். கையடக்கமான ஒரு பெட்டி, பேட்டரி, ரெண்டு ஒயர், தோலில் ஒட்டுகிற பேட். வினாடிக்கு 80, 100 என்று மெல்லிய மின் துடிப்பு அனுப்பும். கை செய்கிற தேய்க்கும் வேலையை கரன்ட் செய்கிறது. விலை சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். எல்லோருக்கும் வேலை செய்யுமா என்றால், இல்லை. சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு சுமார்தான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் யாருமே ஒட்டக் கூடாது.

பீரோவுக்குள்ள தூங்கின மெஷின்

இந்த மெஷின் எங்க வீட்டிலேயும் உண்டு. மயிலம் பக்கத்தில் இருக்கும் எங்க பாட்டிக்கு முழங்கால் வலி. மாமா சென்னையிலிருந்து ஒரு டென்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். பாட்டிக்கு கரன்ட் என்றாலே பயம். முதல் நாள் சுருக்குன்னு இழுத்ததும், 'எடுத்து வைடா, எனக்கு தைலமே போதும்' என்று சொல்லிவிட்டார். மெஷின் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒரு வருஷம் கழித்து, அதே தெருவில் பிசியோதெரபி படிக்கிற அக்கா ஒருவர் லீவில் வந்தார். பேட் எங்கே ஒட்டணும், எந்த அளவில் நிறுத்தணும் என்று காட்டினார். 'இது வலியைக் கொஞ்சம் குறைக்கும் பாட்டி. அந்த நேரத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யணும்' என்று தொடைத் தசைக்கு ரெண்டு பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். நாலு நாள் கூடவே உட்கார்ந்து செய்ய வைத்தார். பாட்டிக்கு வலி மொத்தமாகப் போகவில்லை. ஆனால் இப்போது ரேஷன் கடைக்குத் தானே நடந்து போகிறார்.

மெஷின் அதேதான். ஒரு வருஷமா அது காத்திருந்தது சொல்லிக் கொடுக்கிற ஆளுக்காக! இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வைச்சுக்கங்க. இனிமே வரப்போகிற ஒவ்வொரு மெஷினுக்கும் இது தேவைப்படும்.

முதுகில் ஒரு பேஸ்மேக்கர்

டென்ஸ் தோலுக்கு வெளியே இருந்து செய்வதை, உள்ளே போய் செய்வது 'ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர்'. 1967-ல் அமெரிக்காவின் க்ளீவ்லேண்டில் நார்மன் ஷீலி என்ற டாக்டர் முதன்முதலில் பொருத்தினார். தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய ஒயர், தோலுக்கடியில் பேட்டரியோடு ஒரு குட்டிப் பெட்டி. முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள்.

2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த 'இவோக்' என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே. ஒவ்வொரு துடிப்பை அனுப்பிய பிறகும், தண்டுவடம் அதற்கு எப்படி பதில் சொல்கிறது என்று அளந்து, அடுத்த துடிப்பைக் கூட்டும், குறைக்கும். இருமினாலும் குனிந்தாலும் தானே அட்ஜஸ்ட் ஆகும். அட, நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் வருகிற க்ளோஸ்டு லூப் ஃபீட்பேக்! அரியர் வைச்ச பேப்பர் ஒரு ஆளோட முதுகுக்குள்ள ஓடுதுன்னா பாருங்களேன்!

ரொம்பவும் துள்ள வேண்டாம். இந்தியாவில் இந்த வகை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். தவிர, நாள்பட்ட இடுப்பு வலிக்கு இது நீண்ட காலத்துக்குப் பலன் தருவதாகத் தெரியவில்லை என்று 2023-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. சிலவகை நரம்பு வலிக்கு டாக்டர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள். 'விலை ஜாஸ்தின்னா பலனும் ஜாஸ்தி' என்ற கணக்கு வலி விஷயத்தில் செல்லாது.

நடுத்தரமான ஒன்றும் இருக்கிறது. ரேடியோ ஃப்ரீக்வன்சி அப்லேஷன். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கி, வலி கொண்டுவரும் குட்டி நரம்பைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் ஒன்றரை நிமிஷம் வரை சுடுவது. முதுகு மூட்டு, முழங்கால் வலிக்குப் பெரிய ஊர்களின் பெயின் கிளினிக்குகளில் செய்கிறார்கள். நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் திரும்பலாம். அந்த ஆறு மாசமோ ஒரு வருஷமோ கிடைக்கிற இடைவெளியில் உடற்பயிற்சி செய்து தசையை பலமாக்கிக்கொண்டால் லாபம். இல்லைன்னா, மறுபடியும் ஊசி!

ஸ்டான்லி மாணவர் கையில் ஒரு கண்ணாடி

இத்தனை லட்சம் பேசிட்டோம். இப்போ கொஞ்சம் சீப்பான டெக்னாலஜி... முகம் பார்க்கும் கண்ணாடி!

விபத்திலோ சர்க்கரை நோயிலோ கை, கால் எடுக்கப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு, இல்லாத அந்தக் கை வலிக்கும். விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்துவது போல் இருக்கும். விரலைப் பிரிக்கலாம் என்றால் விரலே இல்லை! கொடுமை இல்லையா?

இதற்கு ஐடியா கொடுத்தவர் நம்ம ஆள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு அமெரிக்காவின் சான்டியாகோவில் பேராசிரியரான வி.எஸ்.ராமச்சந்திரன். 1990-களில் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், அதன் பிம்பம் சரியாக இல்லாத கையின் இடத்தில் தெரியும். நல்ல கையைத் திறந்தால், இல்லாத கை திறப்பது போல மூளை பார்க்கும். 'ஓ, விரல் பிரிஞ்சிடுச்சு' என்று அது நம்ப ஆரம்பிக்கும்.

சும்மா மேஜிக் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சின்ன சோதனை செய்தார்கள். தினம் 15 நிமிஷம், நாலு வாரம். கண்ணாடி பார்த்த குழுவில் இருந்த ஆறு பேருக்குமே வலி குறைந்தது. கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுச் செய்த குழுவில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சின்ன ஆய்வு என்பதால் இதை வைத்துப் பெரிசாக சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கண்ணாடி விலைக்கு இது பெரிய விஷயம்!

ஒரே கண்டிஷன், தினமும் செய்யணும். அதைச் சொல்லிக் கொடுத்து, நாலு வாரம் விடாமல் செய்ய வைக்க ஒரு ஆள் வேணும்.

கண்ணை மூடினா வேற உலகம்

கேம்ஸ் பிரியர்களே, இது உங்களுக்கு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தீக்காயப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளிகளுக்கு வி.ஆர். ஹெட்செட் மாட்டி, பனிமலையில் பனிப்பந்து எறிகிற 'ஸ்நோ வேர்ல்டு' விளையாட்டைக் கொடுத்தார்கள். கவனம் பனியில் போனதும் வலி குறைந்தது.

அதன் அடுத்த கட்டம்தான் 2021 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்த 'ஈஸ் வி.ஆர்.எக்ஸ்'. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வீட்டிலேயே எட்டு வாரப் பயிற்சி. மூச்சை எப்படி விடுவது, கவனத்தை எப்படித் திருப்புவது, வலியைக் கண்டு பயப்படாமல் இருப்பது எப்படி என்று ஹெட்செட்டே பாடம் நடத்தும். 179 பேரிடம் நடந்த சோதனையில், இதைச் செய்தவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சாதாரண வீடியோ பார்த்த குழுவிலும் 41 சதவீதம் பேருக்கு அதே அளவு குறைந்தது என்பதையும் சேர்த்தே படிக்கணும். வித்தியாசம் இருக்கிறது, அற்புதம் இல்லை.

ஸ்கேன் பார்த்து பயப்படாதீங்க

டெக்னாலஜி சில சமயம் வலியை ஏற்றிவிடும், தெரியுமா? வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம்! 80 வயதில் 96 சதவீதம்! அதாவது தலைநரை மாதிரி, அது பாட்டுக்கு வரும். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்று பார்த்ததும் படுத்த படுக்கையாகி, அசையாமல் இருந்து, தசை இளைத்து, வலியைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஸ்கேனை மட்டும் பார்க்காமல், ஆளையும் தொட்டுப் பார்த்துச் சொல்கிற டாக்டர்தான் முக்கியம்.

நம்ம ஏரியாவில் என்ன இருக்கு?

முதுகில் பேஸ்மேக்கர் வைக்க விழுப்புரத்தில் க்யூ நிற்கவில்லை. ஆனால் முக்கியமான சில விஷயங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை. ரெண்டு ஊரிலிருந்தும் பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். பி.பி., சுகர் மாத்திரை தருவதோடு, பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருவது இதில் ஒரு பகுதி. எங்க பாட்டிக்கு அந்த அக்கா செய்த வேலையை, ஊர் ஊராகப் போய் செய்யும் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நிறைய பேருக்கு இதில் பிசியோதெரபி உண்டு என்பதே தெரியாது! 104-க்கு போன் போட்டுக் கேட்கலாம். 'இ-சஞ்சீவனி' மூலம் டாக்டரிடம் வீடியோவில் பேசவும் முடியும். தாத்தா, பாட்டிக்கு அந்த லாகின் வேலையைச் செய்து கொடுக்க நம்மால் முடியாதா என்ன?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவையே ப்ராஜெக்ட் செய்கிற மக்களே... முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று சென்சார் வைத்து அளந்து, 'இன்னும் ரெண்டு தடவை பண்ணுங்கம்மா' என்று தமிழில் பேசுகிற ஒரு பட்டை? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் முகப் படத்தைத் தொட்டு வலியின் அளவைப் பதிவு செய்கிற ஆப்? சொல்லிக் கொடுக்கிற ஆள் எல்லா ஊருக்கும் தினமும் வர முடியாது. அவர் சொன்னதை அடுத்த வாரம் வரைக்கும் ஞாபகப்படுத்த ஒரு கருவியால் முடியும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கூட சேர்த்துக்கொண்டு ஆரம்பிங்க. கரன்ட் பாய்ச்சுகிற எதையும் நீங்களாக செய்து ஃப்ரெண்ட் மேல டெஸ்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ்!

மிளகாய் மேட்டர்!

மிளகாய் கடிச்சா ஏன் 'எரியுது' என்கிறோம்? மிளகாயின் கேப்சைசினும், நிஜ சூடும் நரம்பில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. 1997-ல் அந்தக் கதவைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 8 சதவீதம் கேப்சைசின் உள்ள பட்டையை டாக்டர் மேற்பார்வையில் ஒரு மணி நேரம் ஒட்டினால், அக்கிக்குப் பிறகு வருகிற நரம்பு வலி மூன்று மாசம் வரை குறையலாம். அமெரிக்காவில் 2009-லேயே அனுமதி. அதுக்காக வீட்டு மிளகாய்த்தூளைக் குழைச்சுப் பூசிடாதீங்க. தோல் வெந்துவிடும்!

இதெல்லாம் இருந்தா உடனே டாக்டர்!

முதுகு வலியோடு கால் பலமிழந்தால், தொடை இடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்து வந்தால்... மெஷின், பயிற்சி, இந்தக் கட்டுரை எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி!

மற்றபடி, வீட்டில் யாராவது 'வலிக்குது' என்றால் முதலில் நம்புங்க. எத்தனை மாசமா என்று கேளுங்க. மூணு மாசம் தாண்டியிருந்தால், மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு செல்போனை நோண்டப் போகாமல், ஒரு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கூட்டிக்கொண்டு போங்க. அவர் சொல்லித் தருகிற பயிற்சியை நீங்களும் கத்துக்கிட்டு, தினம் 15 நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்க. அந்த 15 நிமிஷத்துக்கு இன்னும் எந்தக் கம்பெனியும் மெஷின் கண்டுபிடிக்கலை!